தண்ணி பத்தலையா? தாது கழுவும் ஆலையில் அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது

"அண்ணே, தண்ணி பத்தல." எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். மேலூர்ப் பக்கம் எம்-சாண்ட் ஆலை வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்வார். பெல்லாரி மாவட்டத்துச் சண்டூரில் இரும்புத்தாது கழுவும் ஆலையில் ஷிப்ட் பார்க்கும் உசிலம்பட்டிப் பையனும் இதைத்தான் சொல்வான். நான் அந்தச் சண்டூர்ப் பக்கம் பதினான்கு வருஷம் சிவப்புச் சேற்றில் உழன்றுவிட்டுத் திருமங்கலத்துக்குத் திரும்பி வந்தவன். இங்கே உடைப்பது கருங்கல், அங்கே கழுவுவது ஹேமடைட் என்னும் இரும்புத்தாது. கல் மாறுகிறதே தவிர, தண்ணீர் ஓடும் சுற்று ஒன்றுதான்.

அந்தச் சுற்றை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். தொட்டியிலிருந்து பம்ப், பம்பிலிருந்து சலிக்கும் ஸ்கிரீன் மேலே ஸ்ப்ரே, அங்கிருந்து மணலை வாரி ஏற்றும் ஸ்க்ரூவுக்கோ, சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோனுக்கோ போய்ச் சரக்கு பிரியும். மிச்சக் கலங்கல் திக்கனருக்குப் போகும். அங்கே சேறு அடியில் இறங்கிச் சேற்றுக் குளத்துக்குப் போகும், தெளிந்தது மேலே வழிந்து தொட்டிக்குத் திரும்பும். ஒரு டன் தாதுக்கு இரண்டு மூன்று டன் தண்ணீர் சுற்றுவது சாதாரணம். ஆனால் அவ்வளவையும் புதிதாக வாங்குவதில்லை. திரும்பி வராமல் போனதை மட்டும்தான் வாங்குகிறோம். "பத்தல" என்று சொல்லும் இடங்களில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் போர் வற்றியிருக்காது. திரும்பி வரவேண்டிய தண்ணீர் எங்கோ வழிமாறியிருக்கும். அதனால் ஆயிரம் அடிக்கு இன்னொரு போர் போடுவதற்கு முன்னால் கீழே உள்ளதைப் பார்த்துவிடுங்கள்.

கையில் வேண்டியவை: காய்கறிக் கடையில் இருப்பது போல ஒரு மின்னணுத் தராசு, ஒரு லிட்டருக்குச் சற்றுப் பெரிய எவர்சில்வர் பாத்திரம், ஒரு லிட்டர் கண்ணாடி அளவுக் குவளை நாலு, ஊசி இல்லாத சிரிஞ்ச், ஒரு ஊதுபத்திக் கட்டு. ஊதுபத்தி சாமிக்கு இல்லை, எதற்கென்று பிறகு சொல்கிறேன். பாத்திரத்தில் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டையில் வழிந்து நின்றபின் உள்ளே இருக்கும் தண்ணீர் சரியாக 1000 கிராம் வரவேண்டும். வரும்வரை ஓட்டையை மேலே கீழே மாற்றிப் பார்ப்பதில் அரை நாள் போகும், போகட்டும். சேற்றின் அடர்த்தி அளக்கவென்று பத்தாயிரக் கணக்கில் விலை போட்டு விற்கும் கருவி செய்யும் வேலையில் முக்கால்வாசியை இது செய்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்: சேற்றுக் குளத்தின் கரையில் ஈரம்

கரையின் வெளிப்பக்கம் புதிதாக ஈரம் கசிகிறதா? கசிவில் மண் கலந்து வருகிறதா? கரைமேல் நீளவாக்கில் விரிசல் ஓடுகிறதா? இவற்றில் எது தெரிந்தாலும் மற்ற அறிகுறிகளை ஓரமாக வையுங்கள். குளத்துக்குப் போகும் சேற்றை நிறுத்துங்கள். கரைக்குக் கீழே ஆள் இருந்தால் வெளியேற்றுங்கள். அப்புறம் கட்டுமானம் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஜேசிபியை வைத்து நாமே கரைமேல் மண் கொட்டி "பலப்படுத்துவது" பல நேரம் பாரத்தைக் கூட்டிச் சரிவை வேகப்படுத்தும்.

பிரேசிலில் 2015 நவம்பர் 5ஆம் தேதி மரியானாவில் இரும்புத்தாதுச் சேற்றணை உடைந்து 19 பேர் செத்தார்கள். 2019 ஜனவரி 25ஆம் தேதி புருமாதீனியோவில் இன்னொன்று உடைந்தபோது 270 பேர். இரண்டிலும் திடமாக நின்ற மணலும் சேறும், உள்ளே ஏறிய தண்ணீரால் ஒரு கணத்தில் கூழாகி ஓடியவை. நம் ஊர் எம்-சாண்ட் ஆலையின் குழி அவ்வளவு பெரியது இல்லைதான். ஆனால் கீழே கண்மாயும் அதன் கீழே வயலும் இருக்கிறதா இல்லையா?

கசிவில் வரும் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக, தினமும் ஒரே அளவில் வந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தாலோ நாளுக்கு நாள் கூடினாலோ கரை உள்ளே அரிபடுகிறது என்று அர்த்தம்.

தொட்டி மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது

இதுதான் தலையாய புகார். தண்ணீர் வெளியேறும் வாசல்கள் நாலைந்துதான். பெரிய வாசலிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வாசல் திக்கனரின் அடிச்சேறு. ஒரு லிட்டர் பாத்திரத்தில் அதைப் பிடித்து எடை போடுங்கள். சென்ற கோடையில் ஒருவர் நாளைக்கு ஏழு லாரித் தண்ணீர் வாங்குவதாகச் சொல்லிக் கூப்பிட்டார். போனதும் நான் வேறு எதையும் பார்க்கவில்லை, அடிக்குழாயில் பாத்திரத்தை நீட்டினேன். 1190 கிராம். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கருங்கல் தூளின் அடர்த்தி 2.65. அந்தக் கணக்கில் 1190 கிராம் என்றால் சேற்றில் எடைக்கு 26 சதவீதம்தான் கல்தூள், மீதி தண்ணீர். அதாவது ஒரு டன் தூளை வெளியே தள்ள கிட்டத்தட்ட 3 டன் தண்ணீரைக் கூடவே கொட்டிக்கொண்டிருந்தார். அவர் ஆலையில் மணிக்கு 4 டன் தூள் வருகிறது. ஏன் வால்வை இவ்வளவு திறந்து வைத்திருக்கிறாய் என்று ஆபரேட்டர் தம்பியைக் கேட்டேன். "ஒருவாட்டி அடைச்சுக்கிச்சுண்ணே. முதலாளி திட்டுனாரு. அதுலருந்து தொறந்தே விட்டுட்டேன்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

இரண்டு மணி நேரத்தில் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினோம். கால் மணிக்கு ஒரு தடவை எடை. 1230, 1280, 1350. 1400 வந்ததும் நிறுத்தினோம். 1400 என்றால் 46 சதவீதம், ஒரு டன் தூளுக்கு 1.2 டன் தண்ணீர்கூட இல்லை. மணிக்கு மிச்சம் ஏறக்குறைய 6,900 லிட்டர், பத்து மணி நேரத்துக்கு 69,000. 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் ஆறுக்குக் கொஞ்சம் குறைவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. அதே 1400 கிராம் இரும்புத்தாது ஆலையில் வேறு கதை சொல்லும். சுத்த ஹேமடைட்டின் அடர்த்தி 5க்கு மேல். அந்தக் கூழ் 1400 கிராம் காட்டினால் அதில் தாது ஏறக்குறைய 35 சதவீதம்தான். களிமண் கலந்த தாதுச் சேற்றின் அடர்த்தி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிற்கும், உதாரணமாக 3.5 என்றால் 40 சதவீதம். சண்டூரிலிருந்து போன் செய்யும் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்: உன் சேற்றைக் காயவைத்து, அதன் அடர்த்தியை ஒருமுறை லேபில் எடுத்து எழுதி வை. மதுரைக் கணக்கை அங்கே போடாதே.

இரண்டாவது வாசல் லாரியில் ஏறும் சரக்கு. சொட்டச் சொட்ட மணல் ஏற்றினால் தண்ணீரையும் விற்கிறீர்கள், அதுவும் இலவசமாக. 100 டன் காய்ந்த மணலோடு, மொத்த எடையில் 20 சதவீதம் ஈரமாகப் போனால் 25 டன் தண்ணீர். அதையே 12 சதவீதமாகக் குறைத்தால் 13.6 டன். நூறு டன்னுக்குக் கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர் வித்தியாசம். தண்ணீர் வடிக்கும் ஸ்கிரீனின் சாய்வு, அதன் கண்கள் அடைந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். ஸ்கிரீன் இல்லாத ஆலையில் குவியலின் கீழே சிமெண்ட் தளமும், வடிநீர் தொட்டிக்கே திரும்ப ஒரு வாய்க்காலும் போதும். வெறும் மண்மேல் குவித்தால் வடிவது பூமிக்குப் போகும்.

மூன்றாவது, வெயில். நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு ஏக்கர் குளம் நாளைக்கு 20,000 லிட்டர் இழக்கும், ஒன்றே முக்கால் லாரி. பங்குனி சித்திரையில் அதற்கு மேல். இதற்கு வழி குளத்தின் பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவதுதான். மிதக்கும் மூடி போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2017இல் வைகை அணையில் விட்ட தெர்மாகோல் அட்டைகள் காற்றில் கரை ஒதுங்கியதை நாடே பார்த்தது. காற்றுக்குத் தாங்குகிற மாதிரி செய்தால் ஒழிய வேண்டாம்.

நான்காவது, கசிவு. மாலையில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தொட்டிச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள், காலையில் பாருங்கள். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். வாளியில் இறங்கியது வெயிலும் காற்றும் எடுத்தது. தொட்டியில் அதைவிடக் கூடுதலாக இறங்கியது கசிவு.

நான்கையும் பார்த்தபின்னும் கணக்கு உதைத்தால், அப்போது போருக்குப் போய் மோட்டாரைப் பாருங்கள்.

திரும்பி வரும் தண்ணீர் தெளியவில்லை

கலங்கல் தண்ணீரால் கழுவினால் சரக்கு சுத்தமாகாது, ஸ்ப்ரே அடைக்கும், பம்ப் தேயும். ஒரு கோளாறு நாலாகிவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில் தண்ணீரில் மிதக்கும் தூள் எவ்வளவு பொடி என்று தெரியவேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மைக்ரான் கருங்கல் தூள் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க மூன்று மணி நேரம் ஆகும். அதே கல் 1 மைக்ரானாக இருந்தால் 13 நாள். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகும், அதுதான் காரணம். தாது கனமானது, இரண்டரை மடங்கு சீக்கிரம் இறங்கும். ஆனால் தாதுவோடு வரும் களிமண் அந்த லாபத்தைத் தின்றுவிடும். சண்டூரில் மழைக்காலத்தில் வரும் தாதுவைக் கழுவினால் தண்ணீர் ஒரு வாரம் வைத்தாலும் ரோஜாநிறமாகவே நிற்கும். தூள்கள் எல்லாம் ஒரே மின்னூட்டத்தோடு ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்துக் கட்டியாக்கினால்தான் இறங்கும்.

நம் பாட்டிமார் செய்த வேலைதான் இது. ஆற்றில் புதுத்தண்ணி வந்தால் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசி ஊற்றிவைப்பார்கள், காலையில் கலங்கல் அடியில் இருக்கும். கொட்டையில் உள்ள பசைப்பொருள் தூள்களைப் பிடித்துக் கட்டுகிறது. ஆலையில் அந்த இடத்தைப் பாலிஅக்ரிலமைடு பவுடர் எடுத்துக்கொண்டது. ஆட்கள் சுருக்கமாகப் பாலிமர் என்பார்கள்.

பாலிமர் போட்டும் தெளியவில்லை என்றால் பத்தில் ஆறு முறை தப்பு கரைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. கரைசலைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று நூல் இழுக்க வேண்டும். ஜவ்வரிசி போலக் கட்டிகள் தட்டுப்பட்டால் பவுடரை மொத்தமாகக் கொட்டியிருக்கிறார்கள். மேல்பகுதி ஊறித் தோலாகி உள்ளே காய்ந்த பவுடர் அப்படியே மாட்டிக்கொண்டது, அது இனிக் கரையாது. ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசின் ஊறவைப்பவர்களைக் கேளுங்கள், அவசரப்பட்டால் நடுவில் கல் போல நிற்கும் என்பார்கள். இதுவும் அந்த இனம்தான். ஒருவர் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருக்க, இன்னொருவர் பவுடரை மழைச்சாரல் போலத் தூவவேண்டும். 1000 லிட்டருக்கு ஒரு கிலோ, அதாவது 0.1 சதவீதம். மெதுவாக ஓடும் கலக்கியில் ஒரு மணி நேரம். வேகமாக அடிக்கும் பம்பை வைத்துச் சுற்றவிட்டால் நீளச் சங்கிலியாக இருக்கும் மூலக்கூறு அறுந்துபோகும், அப்புறம் அது வெறும் வழவழப்புத் தண்ணீர். நேற்று முன்தினம் கரைத்ததும் அப்படித்தான், வீரியம் போயிருக்கும். கரைக்கும் தண்ணீர் கடும் உப்பாக இருந்தால் பாலிமர் விரியாமல் சுருண்டே கிடக்கும். இந்த ஒரு வேலைக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள்.

கரைசல் சரியாக இருக்கிறதா? அடுத்து அளவு. திக்கனருக்குள் வரும் கலங்கலை ஒரு லிட்டர் பிடித்து எடை போடுங்கள். கருங்கல் தூள் 1032 கிராம் காட்டினால் அதில் தூள் ஏறக்குறைய 50 கிராம். 0.1 சதவீதக் கரைசலில் ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி. பாலிமர் இருக்கும். சிரிஞ்சில் ஒரு மி.லி. விட்டால் டன்னுக்கு 20 கிராம் போட்டதற்குச் சமம். நாலு குவளையில் ஒவ்வொரு லிட்டர் கலங்கல் எடுத்து அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு மி.லி. விட்டு, குவளை வாயைக் கையால் மூடி நாலைந்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து எடுங்கள். குலுக்கக் கூடாது. தயிர் திரிவது போலத் திரிந்து பளிச்சென்று இறங்கும் குவளைகளில் குறைந்த அளவு எதுவோ அதுவே உங்கள் அளவு. மணிக்கு 4 டன் தூளுக்கு டன்னுக்கு 25 கிராம் என்று முடிவானால், மணிக்கு 100 லிட்டர் கரைசல் போகவேண்டும். வாளியையும் செல்போனையும் வைத்து அளந்து பாருங்கள். "பம்ப் ஓடுது" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

குவளையில் நன்றாகத் தெளிகிறது, திக்கனரில் தெளியவில்லை. இப்படியானால் பாலிமர் சேரும் இடத்தைப் பாருங்கள். பாலிமர் விட்ட பிறகு கலங்கல் ஒரு பம்புக்குள்ளோ உயரத்திலிருந்து விழும் குழாய்க்குள்ளோ போனால் கட்டிய கட்டி உடைந்துவிடும். சேர்க்கும் இடத்தைத் திக்கனர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், ஒரே இடத்தில் விடாமல் இரண்டு இடத்தில் பிரித்து விடுங்கள். கட்டிகள் மேலே மிதந்தால் கலங்கலோடு காற்றுக் குமிழி வருகிறது, விழும் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள்.

குவளையிலும் தெளியவில்லை, மேல் தண்ணீர் சிவப்பாகவோ சாம்பலாகவோ நிற்கிறது. அப்போது பாலிமருக்கு முன்னால் சுண்ணாம்போ படிகாரமோ தேவைப்படும். இரும்புத்தாதில் சுண்ணாம்பு நன்றாக வேலை செய்யும், அதன் கால்சியம் களிமண்ணின் மின்னூட்டத்தைத் தணிக்கும். படிகாரம் பி.எச். 6 முதல் 7.5 வரை இருக்கும்போதுதான் சரியாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துப் போட்டு ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும்படி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாலிமர் கூடிப்போனாலும் தொல்லை. அடிச்சேறு அல்வா மாதிரி ஒட்டும். மிச்சப் பாலிமர் தண்ணீரோடு திரும்பி ஸ்கிரீன் துணியிலும் ஃபில்டர் துணியிலும் படலமாகப் படியும். தெளியவில்லை என்றதும் இன்னும் ஒரு பை கொட்டுவது, உப்பு போதவில்லை என்று குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுவது போலத்தான்.

தெளியாத தண்ணீரை ராத்திரியில் ஓடையில் திறந்துவிடும் யோசனை யாருக்காவது இருந்தால் ஒன்று சொல்கிறேன். இந்தத் தூள் கண்மாயின் அடியில் போய்ப் படிந்தால் தரை மெழுகியது போல ஆகிவிடும், தண்ணீர் கீழே இறங்காது. சுற்று வட்டாரக் கிணறுகள் வற்றும், அதில் உங்கள் போரும் ஒன்று.

திக்கனர் ரேக் திணறுகிறது, ஆம்ப்ஸ் ஏறுகிறது

ரேக் என்பது திக்கனரின் அடியில் மெதுவாகச் சுற்றிச் சேற்றை நடுவுக்குத் தள்ளும் கை, ஆம்ப்ஸ் அதன் மோட்டார் இழுக்கும் கரண்ட். ரேக்கை நிறுத்தக் கூடாது. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பதறிப்போய் முதலில் சிவப்புப் பட்டனை அழுத்துவது மனித இயல்பு. அழுத்தினால் சேறு ரேக்கைச் சுற்றி இறுகிவிடும். அப்புறம் தொட்டியைக் காலி செய்து மண்வெட்டியோடு இறங்கவேண்டியதுதான், மூன்று நாள் வேலை. உள்ளே வருவதை நிறுத்துங்கள், அடிவால்வைத் திறந்து சேற்றை இழுங்கள், தூக்கும் வசதி இருந்தால் ரேக்கைத் தூக்குங்கள். ஓவர்லோட் கருவி தானாக அணைத்தால் அது வேறு. அதைக் கம்பி போட்டுத் தாண்டாதீர்கள், கியர் பாக்ஸ் போகும்.

ஆம்ப்ஸ் இறங்கிய பிறகு காரணம் தேடலாம். அடிச்சேற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேயுங்கள். நறநறவென்று மணல் தட்டுப்பட்டால் முன்னால் இருக்கும் ஸ்க்ரூவோ சைக்ளோனோ மணலை விட்டுவிடுகிறது. மணல் இல்லாமல் பிசுபிசுவென்று இருந்தால் பாலிமர் அதிகம். வெறும் கெட்டிச் சேறு என்றால் அடிப்பம்பின் வேகம் போதவில்லை.

நம் பக்கத்து எம்-சாண்ட் ஆலைகளில் ரேக் இல்லாத கூம்புத் தொட்டிகளும் உண்டு. அங்கே வரும் கோளாறு விசித்திரமாக இருக்கும். அடிக்குழாயில் தெளிந்த தண்ணீர் வரும், மேலே கலங்கல் வழியும். தலைகீழ்! சேறு கூம்பின் சுவரில் ஒட்டி நின்று, நடுவில் எலி வளை போல ஒரு துளை விழுந்து, அது வழியாக மேல் தண்ணீர் நேராகக் கீழே ஓடுகிறது. அடிவால்வை மூடி, கூம்பின் வெளிப்பக்கம் மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். நீண்ட குழாயில் காற்றோ தண்ணீரோ செலுத்திச் சுவரைக் கலக்குங்கள். கால் மணி விட்டுத் திறந்தால் சேறு வரும்.

பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

உறிஞ்சும் பக்கம் ஒரு வேக்குவம் கேஜ், தள்ளும் பக்கம் ஒரு பிரஷர் கேஜ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வேக்குவம் அதிகம், பிரஷர் குறைவு என்றால் உறிஞ்சும் வழி அடைபட்டிருக்கிறது. உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வைத் தூக்கிப் பாருங்கள், பாலிதீன் பையோ ஆகாயத்தாமரை வேரோ சுற்றியிருக்கும். இரண்டும் குறைவு என்றால் காற்று இழுக்கிறது, அல்லது பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. பம்புக்குள் கூழாங்கல் உருளும் சத்தம் கேட்டால் அது கல்லாக இல்லாமல் தண்ணீரே உள்ளே கொதித்து உடையும் சத்தமாக இருக்கலாம். கணக்குப்படி தண்ணீரை 10 மீட்டர் உறிஞ்சலாம், நடைமுறையில் 6 மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். கோடையில் மட்டம் இறங்கியதும் இந்தச் சத்தம் ஆரம்பித்தால் பம்பைத்தான் கீழே இறக்கவேண்டும்.

ஊதுபத்தி இப்போது. பம்ப் ஓடும்போது உறிஞ்சும் குழாயின் ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். காற்று வீசாத விடியற்காலை நல்லது. ஓட்டை இருக்கும் இடத்தில் மேலே போகும் புகை சட்டென்று வளைந்து இணைப்புக்குள் இழுபடும். அளவெடுத்து ஒட்டிய கேஸ்கெட்டில் மயிரிழை வெடிப்பைக்கூட இப்படிப் பிடித்திருக்கிறேன். டீசல் எங்கேயாவது பக்கத்தில் வைத்திருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள்.

பம்புக்குள் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் கயிறு வைத்து அடைத்திருப்பதுதான் கிளாண்ட். கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரவேண்டும். ஒழுகக் கூடாது என்று நட்டை இறுக்கிவிட்டால் கயிறு கருகி ஷாஃப்ட் ஸ்லீவில் பள்ளம் விழும். ஸ்லரி, அதாவது சேற்றுக்கூழ் தள்ளும் பம்பில் கிளாண்டுக்குத் தனியாக நல்ல தண்ணீர் கொடுக்கவேண்டும், அதன் அழுத்தம் பம்புக்குள் இருப்பதைவிடக் கொஞ்சம் கூட இருக்கவேண்டும். குறைந்தால் சேறு கிளாண்டுக்குள் ஏறும். அளவுக்கு மேல் திறந்துவிட்டால் நல்ல தண்ணீர் வீணாகும், வாளியை வைத்து ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள்.

சைக்ளோன் அடியில் கயிறு போல விழுகிறது

குடை போல விரிந்து விழுந்தால் சரி. கயிறு போல முறுக்கி விழுந்தால் அடிவாயின் தாங்குதிறனுக்கு மேல் மணல் வருகிறது, மிச்ச மணல் மேல்வழியே திக்கனருக்குப் போய்க்கொண்டிருக்கும். வரத்தைக் குறையுங்கள், இல்லை பெரிய அடிவாய் மாட்டுங்கள். குடை ரொம்பவும் அகலமாக, வெறும் தண்ணீராக விரிந்தால் அடிவாய் ரப்பர் தேய்ந்துவிட்டது.

தண்ணீர் தாராளம், சரக்கில் மட்டும் மண் போகவில்லை

கழுவிய மணலில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிக் குவளையில் போட்டு வீட்டுக் குடிதண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணல்மேல் படியும் மெல்லிய அடுக்குதான் கழுவாத தூள். இன்னொரு கைப்பிடியைக் குடிதண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டு அதே சோதனை செய்யுங்கள். இரண்டாவதில் அடுக்கு காணாமல் போனால் மணலில் தப்பில்லை, ஆலைத் தண்ணீரே அழுக்கு. மேலே போய்த் தெளிவுப் பகுதியை மறுபடி படியுங்கள். இரண்டிலும் அடுக்கு அப்படியே இருந்தால் தூள் கட்டியாக ஒட்டியிருக்கிறது. அதற்குத் தண்ணீரைக் கூட்டிப் பிரயோஜனமில்லை, ஊறும் நேரமும் உரசலும் தேவை. இரும்புத்தாது ஆலைகளில் இதற்கென்றே உருளும் ஸ்க்ரப்பர் பீப்பாய் வைத்திருப்பார்கள்.

எல்லாத் தூளையும் துடைத்து எடுக்கவேண்டும் என்றும் இல்லை. உடைத்த கல்மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று கான்கிரீட் மணலுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது. அதற்கும் கீழே கொண்டுபோகத் தண்ணீரைக் கொட்டுவது வாங்குபவர் கேட்டால் மட்டும்.

ஸ்ப்ரே முனைகள் அடிக்கடி அடைக்கின்றன

அடைத்த முனையைக் கழற்றிக் கறையைச் சுரண்டி ஒரு தட்டில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புப் படிவு, போர்த் தண்ணீரின் கடினத்தன்மை. தண்ணீர் சுற்றச் சுற்ற ஆவியாகி உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, கொஞ்சத்தை அடிச்சேற்றோடு வெளியே விட்டுப் புதுத்தண்ணீர் சேர்த்தால்தான் இறங்கும். நுரைக்கவில்லை, கரகரவென்று இருந்தால் வெறும் மணல். முன்னால் இருக்கும் வடிகட்டி வலை கிழிந்திருக்கும்.

மின்சாரம் போய் வந்தபின் எல்லாமே அடைத்துக்கொள்கிறது

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்துவதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அன்று எட்டு மணிக்கே கல் போடுவதை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீரை ஓட்டிக் குழாய்களைக் கழுவிவிடுங்கள். ஸ்லரி குழாயில் கூழ் ஓடிக்கொண்டே இருக்கும்வரைதான் குழாய், நின்றால் தூண். கர்நாடகத்துக் குத்ரேமுக் இரும்புச் சுரங்கத்திலிருந்து மங்களூருக்கு 67 கி.மீ. குழாயில் தாதுக்கூழ் போன காலத்தில் வேகம் குறையாமல் பார்த்துக்கொள்வதே ஒரு தனி வேலை. நம் குழாய் 60 மீட்டர்தான், விதி அதேதான்.

சொல்லாமல் போனால்: ஜெனரேட்டர் சின்னதாக இருந்தாலும் முதல் உயிர் ரேக்குக்கு, இரண்டாவது அடிப்பம்புக்கு. மின்சாரம் திரும்பியதும் ரேக் ஓடுகிறதா பாருங்கள். அடிக்குழாயில் நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கி, சேறு நகர்கிறது என்று தெரிந்தபின் அடிப்பம்ப். அப்புறம் சுற்றுத் தண்ணீர், அப்புறம் ஸ்ப்ரே. பாத்திரத்தை அடிக்குழாயில் நீட்டி எடை பாருங்கள். 1400 தாண்டிக் காட்டினால் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு, அதன் பிறகு ஹாப்பரில் கல் கொட்டச் சொல்லுங்கள்.